முன்னமைவும் தன்னமைவும்

இற்றை நாளில் தமிழர் இல்லங்களில் கருவிகளுக்குக் குறைவில்லை. துணி வெளுக்கும் பொறி, மாவரைக்கும் பொறி, தொலைக்காட்சி, கைப்பேசி, மடிக்கணினி என்று எளியவர் வீட்டிலுங்கூட நான்கைந்தேனும் காணப்பெறுகின்றன. இவற்றை ஆக்கியோர் யாவர், விற்போர் யாவர், இவற்றால் பொருளீட்டுவோர் யாவர் என்னும் வினாக்கள் நம் இயக்கத்தார்க்குப் புதியன அல்ல. ஈண்டு யாம் எழுப்ப விரும்புவது அவற்றினும் நுண்ணியதொரு வினா. ஒரு கருவி நம் கைக்கு வந்து சேருமுன்பே, அஃது எம்மொழியிற் பேசவேண்டும், எவ்வெழுத்தைக் காட்டவேண்டும், எதை முன்னே நிறுத்தி எதைப் பின்னே மறைக்கவேண்டும் என்றெல்லாம் யாரோ ஒருவர் முடிவு செய்து, அம்முடிவை அதன் நினைவகத்துள் பதித்து அனுப்பிவிடுகின்றார். விசையை அழுத்தியதும் நம் விருப்பம் தொடங்குவதாக நாம் எண்ணிக்கொள்கின்றோம். அப்போது தொடங்குவது அவர் விருப்பமே. அவ்விருப்பத்துள் தமிழுக்கு என்ன இடம் என்பதே நம் வினா.

நம் இளைஞர் இதனைச் 'செட்டிங்சு' என்பர், 'திபால்ட்டு' என்பர், 'பிரீசெட்டு' என்பர். ஆங்கிலனுக்கு அவை மூன்றும் வெவ்வேறு பொருளுடையன. நம் இளைஞர்க்கோ மூன்றும் ஒன்றே. பொருள் தெரியாமற் கடன் வாங்கிய சொல் என்றும் இப்படித்தான் மழுங்கிக் கிடக்கும். தமிழில் இவற்றைத் தெளிவுறப் பிரித்துச் சொல்ல இயலும். 'அமை' என்னும் வினையடி நமக்குண்டு. அமைதல் என்பது பொருந்துதல், நிறைதல், அடங்குதல் எனப் பல பொருள் தருவது. அமைவு, அமைப்பு, அமைதி, அமையம் முதலியன அதன் கிளைகள். கருவியின் நிலையொன்றைப் பொருத்தி வைப்பது அமைவு. ஆக்கியோன் முன்கூட்டியே பொருத்திப் பதித்து அனுப்புவது முன்னமைவு. பயன்கொள்வோன் தனக்கேற்ப மாற்றிச் சேமித்து வைத்துக்கொள்வது தன்னமைவு. முன்னைய சொல் கணினித் தமிழில் ஏற்கெனவே வழங்குவது. பின்னையதை யாம் இங்கு முன்மொழிகின்றோம்.

சிலர் முன்னமைவை 'இயல்பிருப்பு' என்றும் 'இயல்புநிலை' என்றும் பெயர்த்து வழங்குகின்றனர். அவர்தம் உழைப்பை மதிக்கின்றோம். ஆயின் அச்சொல்லை ஏற்பதற்கில்லை. இயல்பு என்பது தானே உள்ளது. நீர்க்குத் தண்மை இயல்பு; நெருப்பிற்கு வெம்மை இயல்பு. கைப்பேசிக்கு ஆங்கிலம் இயல்பா? ஒருவன் அமைத்ததை இயல்பு என்று பெயரிட்டுவிட்டால் அமைத்தவன் மறைந்துபோகின்றான். அவன் மறைந்தபின் அவனை வினவுவார் யார்? முன்னமைவு என்னும்போதோ, முன்னே அமைத்தவன் யார் என்னும் வினா சொல்லுக்குள்ளேயே எழுந்து நிற்கின்றது. சொல்லாக்கம் வெறும் அகரமுதலி வேலை என்று எண்ணுவோர் இதனை ஓர்ந்து பார்ப்பாராக.

முன்னமைவு தன்னளவில் தீயதன்று. மாந்தனின் உழைப்பைக் குறைக்க எழுந்த நல்லதோர் ஏற்பாடே அது. பழைய வானொலிப் பெட்டியில் நிலையந் தேடிக் குமிழைத் திருகிக்கொண்டிருந்தோம். பின்னர், விரும்பிய நிலையத்தை ஒவ்வொரு பொத்தானிலும் பதித்து வைத்து ஒரே அழுத்தில் அடையும் வகை வந்தது. இசைக்கருவித் துறையில் இவ்வரலாறு இன்னுந் தெளிவானது. மின்னணு இசைப்பொறியில் ஓர் ஒலியை ஆக்கப் பல குமிழ்களைத் திருகி நிறுத்தவேண்டும். வேறோர் ஒலிக்கு மாறினால் முன்னது கலைந்துபோம். இசைஞர் குமிழ்களின் நிலையைத் தாளில் குறித்து வைத்துக்கொண்டு மீண்டும் திருகுவர். 1978இல் அமெரிக்காவில் தேவ் சுமித்து என்பார் ஆக்கி வெளியிட்ட 'புராபெட்டு-5' என்னும் பொறி, நுண்செயலியின் துணையால் அந்நிலைகளை நினைவில் இருத்தி, வேண்டும்போது ஒரே அழுத்தில் மீட்டுத் தந்தது. இசைஞன் தன் ஒலியைத் தானே படைத்துச் சேமித்துக்கொள்ள வாய்த்த ஏந்து அது. யாம் தன்னமைவு என்றது இதனையே.

அடுத்த ஐந்தாண்டில் நிகழ்ந்ததைப் பாருங்கள். 1983இல் சப்பானியரின் யமாகா நிறுவனம் 'தி.எக்சு.7' என்னும் இசைப்பொறியைக் கொணர்ந்தது. அதிற் புதிய ஒலியை அமைப்பது மிகக் கடினம்; நிறுவனத்தார் பதித்தனுப்பிய ஒலிகளோ கேட்க இனியன. எனவே பெரும்பாலோர் அவற்றை அப்படியே இசைத்தனர். அப்பொறியின் மின்பியானோ ஒலியை 1980களின் மேலைப் பாடல்கள் பலவற்றில் இன்றும் கேட்கலாம். பாடகர் வேறு, பாட்டு வேறு, ஒலி மட்டும் ஒன்று. மாற்றுவதற்கு உரிமை இருந்தது. சேமிப்பதற்கு இடமும் இருந்தது. ஆயினும் மாற்றியவர் சிலரே. எவரையும் வற்புறுத்தாமலே தன் வழிக்குக் கொணர்ந்துவிடும் ஆற்றல் முன்னமைவிற்கு உண்டு என்க.

இவ்வாற்றல் கருவிகளோடு நிற்பதன்று. 2003இல் 'சயன்சு' என்னும் ஆய்விதழில் எரிக்கு சான்சன், தேனியல் கோல்டுசுதீன் ஆகிய இருவர் ஒரு கட்டுரை வெளியிட்டனர். இறந்தபின் உடலுறுப்பைக் கொடையாக அளிக்க இசைந்தோர் தொகை செருமனியில் 12 விழுக்காடு. அதனையடுத்துள்ள ஆத்திரியாவில் 99 விழுக்காட்டிற்கும் மேல். இருநாட்டாரும் செருமானிய மொழியினரே. வாழ்க்கை முறையும் பெரிதும் ஒத்ததே. செருமனியில் இசைவோர் எழுதித் தரவேண்டும்; ஆத்திரியாவில் இசையாதோர் எழுதித் தரவேண்டும். வேறுபாடு அவ்வளவே! எழுதித் தரும் சிறு முயற்சியைக் கூட மக்கள் மேற்கொள்வதில்லை என்பதனால் ஒரு நாட்டின் நிலையே மாறிப்போயிற்று.

வணிகர் இதனை நம்மினும் நன்கறிவர். 2022 ஓராண்டில் மட்டும் கூகுள் நிறுவனம் ஆப்பிள் நிறுவனத்திற்கு ஏறத்தாழ 2,000 கோடி தாலர் கொடுத்தது என்பது அமெரிக்க முறைமன்ற ஆவணங்களால் வெளிப்பட்டது. எதற்காக? ஆப்பிள் கருவிகளின் உலாவியில் தன் தேடுபொறி முன்னமைவாக இருப்பதற்காக. பயன்கொள்வோர் விரும்பினால் நான்கைந்து அழுத்தில் அதனை மாற்றிவிடலாம். மாற்றமாட்டார் என்னும் உறுதிக்கே அத்துணைப் பணம். கூகுள் நிறுவனம் தேடல் துறையில் தன் முற்றுரிமையைச் சட்டத்திற்கு மாறாகக் காத்து வந்தது என 2024 ஆகத்துத் திங்களில் அம்முறைமன்றம் தீர்ப்புரைத்தது. ஒரு தேடுபொறி முன்னிருக்கையில் அமர்வதற்கு விலை இவ்வளவானால், ஒரு மொழி அவ்விருக்கையில் அமர்வதன் மதிப்பு எவ்வளவு? தமிழுக்காக அங்கே பணங்கட்டுவார் யார்?

இனி, நம் கையிலுள்ள பேசிக்கு வருவோம். இந்தியத் தர நிறுவனம் 2016இல் கைப்பேசிகட்கென ஒரு தரம் வகுத்தது. 16333 என்னும் எண்ணுடையது. அதன் மூன்றாம் பகுதி மொழி பற்றியது. இந்தியாவில் விற்கப்பெறும் ஒவ்வொரு கைப்பேசியும் அட்டவணை மொழிகள் 22இன் எழுத்துகளையும் படிக்கக் காட்டுதல் வேண்டும் என்கின்றது. நன்று, வரவேற்கின்றோம். அடுத்து எழுதும் ஏந்து. ஆங்கிலத்தில் எழுத இயலவேண்டும். இந்தியில் எழுத இயலவேண்டும். இவ்விரண்டோடு இன்னும் ஓர் இந்திய மொழியிலேனும் எழுத இயலவேண்டும். தமிழ் மக்களே, இதனை ஊன்றிப் படியுங்கள்! மதுரையில் விற்கும் பேசியில் ஆங்கிலம் கட்டாயம்; இந்தி கட்டாயம்; தமிழோ அந்த 'இன்னும் ஒன்று' என்னும் திண்ணையில் ஏனைய மொழிகளோடு காத்திருக்கவேண்டும். நடைமுறையில் நிறுவனங்கள் பலவும் தமிழையும் சேர்த்தே தருகின்றன. அது சந்தையை எண்ணித் தருவது. அத்தரத்தின்படி, தமிழ்நாட்டிற்கூடத் தமிழ் கட்டாயமன்று. 1938இலும் 1965இலும் இந்தி பள்ளி வாயிலாகவும் ஆட்சி வாயிலாகவும் வந்தபோது தெருவில் இறங்கி எதிர்த்த இனம் இது. கைப்பேசியின் வழியாக வந்தபோது ஒரு கண்டனக் கூட்டமும் பெரிதாக நடந்ததாக யாம் அறியோம். முன்னமைவாக வருவது ஓசையின்றி வரும்.

எம் பள்ளியில் நிகழ்ந்த ஒன்றை இங்குச் சொல்லவேண்டும். கணினி அறையிலிருந்த பொறிகளில் தமிழ் இடைமுகத்தையும் தமிழ்99 விசைப்பலகையையும் மாணவரைக் கொண்டே அமைத்துச் சேமித்து வைத்தோம். அரையாண்டு அவ்வாறே நடந்தது. பழுது பார்க்க வந்த ஒருவர், பழுதை நீக்கியதோடு அனைத்துப் பொறிகளையும் தொழிலகத்திலிருந்து வந்த நிலைக்கே மீட்டுச் சென்றார். மறுநாள் திறந்தால் எல்லாம் ஆங்கிலம். வினவியதற்கு, "எல்லா இடத்திலும் இப்படித்தானே ஐயா இருக்கிறது?" என்றார். அவர் தமிழ்ப் பகைவர் அல்லர், தமிழ்வழியிற் பயின்றவரே. தமிழில் இருந்த பொறியைக் கண்டதும் அதுவும் ஒரு பழுது என்றே அவர்க்குத் தோன்றியிருக்கின்றது. பொறியை மீண்டும் தமிழில் அமைக்க எம் மாணவர்க்கு ஒருநாட் பொழுதே வேண்டியிருந்தது. அவர் உள்ளத்தே பதிந்ததை மாற்ற எத்தனை நாள் வேண்டுமோ!

எழுதும் முறைக்கு வருவோம். இன்று நம் பிள்ளைகளிற் பெரும்பாலார் கைப்பேசியில் தமிழ் எழுதுவது எவ்வாறு? அம்மா என்று எழுத ஆங்கில எழுத்துகளைத் தட்டுகின்றனர். பொறி அதனைத் தமிழாக்கித் தருகின்றது. தமிழ்நாட்டில் தமிழ்ப் பிள்ளை தன் தாயைத் தமிழில் எழுத உரோமன் எழுத்தின் வாயிலில் நின்று இசைவு பெறவேண்டியுள்ளது. இது மானக்கேடு என்பதோடு நில்லாது, கேடும் விளைக்கின்றது. ணகரம், நகரம், னகரம் மூன்றற்கும் அவன் தட்டுவது பெரும்பாலும் ஒரே ஆங்கில எழுத்தே. லகர, ளகர, ழகரங்களின் நிலையும் ஏறத்தாழ அதுவே. எது வேண்டும் என்பதைப் பொறி ஊகித்து முன்னிறுத்தும்; அவன் அதனை ஏற்றுக்கொள்வான். பொறி பிழைத்தால் அவனும் பிழைப்பான். மயங்கொலிப் பிழைகள் விடைத்தாள்களிற் பெருகி வருவதை ஆண்டுதோறும் திருத்தும் கையால் உணர்கின்றோம். நாநுனி அறியாத வேறுபாட்டை விரல்நுனியும் இழந்துவிட்டால் பின் எங்கே நிற்கும்? அயல்நாடுகளில் தமிழ்ப் பள்ளியில்லா ஊர்களில் வளரும் பிள்ளைகட்கு இம்முறை ஒரு மரப்பாலமாக உதவியது என்பதை மறுக்கவில்லை. ஆற்றைக் கடக்கப் போட்ட பாலத்தில் ஊருக்குள்ளேயே எதற்கு நடக்கவேண்டும் என்பதே எம் கேள்வி.

நமக்கென விசைப்பலகை இல்லையா? உண்டு. மலேசியாவின் முத்து நெடுமாறன், சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி போன்றோர் அயல்மண்ணிலிருந்தே கணினித் தமிழுக்கு வழிகண்டவர். அவர்களும் தமிழகத்து அறிஞரும் கூடிய தமிழ் இணைய மாநாடு 1999 பிப்பிரவரியில் சென்னையில் நடந்தது. அதன் விளைவே தமிழ்99. அதனை ஒருமுறை கூர்ந்து நோக்குங்கள். உயிர் பன்னிரண்டும் இடப்புறம். மெய்களிற் பெரும்பாலன வலப்புறம். ஆய்தத்திற்கு ஒரு விசை. ஆக முப்பத்தொரு விசையில் 247 எழுத்தும் அடக்கம். கிரந்த எழுத்துகள் வேண்டுவோர்க்கு அவை மேல்தட்டில் தள்ளி வைக்கப்பட்டுள்ளன. இவற்றினும் சிறப்பு ஒன்றுண்டு. ஒரு மெய்யை இருமுறை தட்டினால் முன்னதற்குப் புள்ளி தானே விழும். அகரம், மகரம், மகரம், ஆகாரம் என நான்கு தட்டில் அம்மா எழுந்துவிடுவாள். தகரம், நகரம், தகரம், ஐகாரம் தட்டினால் தந்தை. நகரத்தை அடுத்துத் தகரம் வருமாயின் அந்நகரம் புள்ளி பெறும் என்று பொறிக்குத் தெரியும். ஙகரத்தின்பின் ககரம், ஞகரத்தின்பின் சகரம், ணகரத்தின்பின் டகரம், மகரத்தின்பின் பகரம், னகரத்தின்பின் றகரம் ஆகியவற்றிற்கும் அவ்வாறே. இனவெழுத்து என்று நாம் ஆறாம் வகுப்பிற் கற்பிக்கும் இலக்கணம் அப்படியே பொறிக்குள் முன்னமைவாக வைக்கப்பட்டுள்ளது! முன்னமைவை அமைப்பவன் தமிழறிந்தவனானால் என்ன நிகழும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

ஆயின் நிகழ்ந்தது என்ன? மைக்கிரோசாப்டு நிறுவனத்தின் விண்டோசு 2000 முதலாக, தமிழுக்கென்று அதனுள் பதிந்து வந்தது தமிழ்99 அன்று. 1986இல் நடுவணரசுத் துறை வகுத்த 'இன்சுகிரிப்டு' என்னும் பலகை. இந்திய மொழிகள் யாவும் ஒரே அச்சில் வார்க்கப்படவேண்டும் என்னும் கொள்கையின் பிள்ளை அது. தேவநாகரிக்கு வகுத்த இடங்களில் ஏனைய மொழிகளின் எழுத்துகளை இட்டு நிரப்பியது. நாகரியின் மூச்சொலி எழுத்துகட்கு ஒதுக்கிய இடங்கள் தமிழில் வெறுமையாய்க் கிடக்கும். நமக்கில்லாத எழுத்துக்கு நம் பலகையில் நாற்காலி! தமிழ்99 விண்டோசு 10 வந்த பின்னரே அதனுள் இடம்பெற்றது. தமிழகத்தில் வகுத்து ஏறத்தாழ இருபதாண்டு கழிந்தபின். அதற்குள் ஒரு தலைமுறையின் விரல்கள் உரோமன் எழுத்திற் பழகிவிட்டன.

மாற்றவியலாத முன்னமைவுகளும் உண்டு. உலகக் கணினிகள் யாவும் இன்று கைக்கொள்ளும் ஒருங்குறி, 1991இல் வெளிவந்தபோது தமிழுக்கான பகுதியை 1988இன் இந்தியக் குறியேற்றத்தைத் தழுவி அமைத்தது. மெய்யெழுத்தைப் புள்ளியுடையதாகவே கண்டவர் தொல்காப்பியர். மெய் முதலில், உயிர் அதனோடு கூடியபோது உயிர்மெய். ஒருங்குறியிலோ அகரமேறிய ககரத்திற்கே இடம். அதன்மேற் புள்ளியிட்டால்தான் மெய். குழந்தையிலிருந்து தாய் பிறந்தாள் என்பது போன்றது இது. பெயர்களைப் பாருங்கள். புள்ளிக்கு அப்பட்டியலில் இட்ட பெயர் 'விராமம்'. ஆய்தத்திற்கு இட்ட பெயர் 'விசர்க்கம்'! தமிழுக்கே உரிய, வேறெம்மொழியிலும் இல்லாத ஆய்தம், உலகக் கணினிகளின் ஆவணத்தில் வடமொழி விசர்க்கமாய்ப் பதிவாகியுள்ளது. ஒருகாற் சூட்டிய எழுத்துப்பெயரைப் பின்னர் மாற்றுவதில்லை என்பது அவர்களின் உறுதியான நெறி. ஆதலின் அருகில் ஆய்தம் எனக் குறிப்பெழுதியதோடு சரி. தில்லியில் அப்பட்டியல் வகுக்கப்பட்டபோது நாம் விழித்திருக்கவில்லை. அதன் பயன் இது. விழித்திருந்த இடத்தில் வேறு விளைந்தது. தமிழ்ப் பகுதிக்குள்ளேயே கிரந்த எழுத்துகளைப் புகுத்தும் முன்மொழிவு 2010இல் எழுந்தபோது தமிழறிஞரும் இயக்கத்தாரும் எதிர்த்தெழுந்தனர். தமிழக அரசும் தடுத்தெழுதியது. கிரந்தம் 2014இல் தனிப்பகுதியாகவே இடம்பெற்றது.

இன்னும் கதவு திறந்திருக்கும் இடம் ஒன்றுண்டு. அதனைச் சொல்லவே இவ்வளவும் எழுதினோம். கைப்பேசியைத் தமிழில் அமைத்தால் அது நாளும் கிழமையும் திங்களும் தமிழிற் காட்டுகின்றதன்றோ? அப்பெயர்கள் எங்கிருந்து வருகின்றன? ஒருங்குறிச் சேர்த்தியம் பேணிவரும் இடவழக்குத் தரவுத் தொகுப்பு என்று ஒன்றுண்டு. ஆப்பிள், கூகுள், மைக்கிரோசாப்டு ஆகிய எல்லாரும் திங்கட்பெயர், நாட்டுப்பெயர், மொழிப்பெயர், நாள் எழுதும் முறை ஆகியவற்றை அதிலிருந்தே எடுத்துக்கொள்கின்றனர். அதில் தமிழுக்கு இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் என நான்கு நாட்டு வழக்குகள் உள்ளன. அங்கே எழுதியிருப்பது உலகெங்கும் தமிழ்க் கைப்பேசிகளில் முன்னமைவாகத் தோன்றுகின்றது. இப்போது அங்கே பன்னிரண்டு திங்கட்பெயருள் நான்கு கிரந்த எழுத்தோடு நிற்கின்றன. அவற்றை அவ்வாறே எழுதி இத்தாளை மாசுபடுத்த யாம் விரும்பவில்லை. எவை என்பதை அன்பர்கள் அறிவர். சனவரி, சூன், சூலை, ஆகத்து என நாம் எழுதுகின்றோம். யூன், யூலை என எழுதும் வழக்கு ஈழத்தில் நெடுநாளாக உண்டு. ஆதலின் கிரந்தமின்றி எழுதவியலாது என்னும் பேச்சுக்கு இடமில்லை.

அத்தொகுப்பைத் திருத்துவதற்கு அவர்கள் குறித்த காலங்களில் ஆய்வுப் பக்கத்தைத் திறந்து வைக்கின்றனர். மொழியறிந்தோர் பெயர் பதிந்து உள்ளே சென்று, இன்ன சொல் வேண்டும் என முன்மொழியலாம். பிறர் முன்மொழிந்ததற்கு ஒப்போலை இடலாம். பெருநிறுவனத்தாரின் ஒப்போலைக்கு எடை மிகுதிதான். ஆயினும் எவரும் சொல்லாததை அவர்கள் எவ்வாறு அறிவர்? நம் மன்றங்கள் ஆண்டுதோறும் எத்தனை தீர்மானங்கள் இயற்றுகின்றன! அத்தீர்மானங்களை அச்சடிக்கும் உழைப்பிற் பத்திலொரு பங்கு அப்பக்கத்திற் செலவாகியிருந்தால், இந்நேரம் கோடிக்கணக்கான கைப்பேசிகள் சனவரி என்று எழுதிக்கொண்டிருக்கும். எம்மவர் மீதே இதனைச் சொல்வது கடுமையாகத் தோன்றலாம். ஆயினும் சொல்லத்தான் வேண்டும்.

அரசின் கடமை தனி. 1956இன் ஆட்சிமொழிச் சட்டம் உண்டு. 1999இல் விசைப்பலகைத் தரம் வந்தது. 2010 சூனில் ஒருங்குறியையும் தமிழ் அனைத்தெழுத்துக் குறியேற்றத்தையும் தரமாக அறிவித்த ஆணை வந்தது. ஆணைகளுக்குக் குறைவில்லை. அரசு தன் பணத்தில் வாங்கும் ஒவ்வொரு கணினியும், தமிழ் இடைமுகமும் தமிழ்99 பலகையும் முன்னமைவாகப் பெற்றே வந்திறங்கவேண்டும் என ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதினால் போதும். ஆங்கிலம் வேண்டும் அலுவலர் மாற்றிக்கொள்ளட்டும். மாற்றும் தொல்லை இனி அவருடையதாகட்டும். இயலுமா என ஐயுறுவோர் ஐரோப்பாவை நோக்குக. தன் உலாவியையே முன்னமைவாய்த் திணித்த மைக்கிரோசாப்டு நிறுவனத்தை, பயன்கொள்வோர்க்கு உலாவிகளின் பட்டியல் காட்டித் தெரிவு செய்யவிடுமாறு ஐரோப்பிய ஒன்றியம் 2009இல் கட்டுப்படுத்தியது. சொன்னபடி சிலகாலம் செய்யாது விட்டதற்கு 2013இல் 56.1 கோடி யூரோ தண்டம் இறுத்தது. அரசுக்கு உறுதி இருந்தால் நிறுவனம் பணியும்.

தமிழில் அமைத்தால் சொற்கள் விளங்கவில்லை என்று சிலர் குறைகூறுவர். அக்குறையில் உண்மை ஒரு பங்கு உண்டு. பொறியே பெயர்த்த, ஆளின் கண்படாத சொற்றொடர்கள் சில செயலிகளில் நகைப்பிற்கிடமாய் உள்ளன. ஆயின் பெரும்பங்கு பழக்கமின்மையே. அக்கிராசனர் தலைவரானபோதும், அபேட்சகர் வேட்பாளரானபோதும் இதே குரல் எழுந்தது. இன்று அபேட்சகர் என்றால் விளங்குவார் எத்தனை பேர்? ஆங்கிலத்தில் அமைந்த பேசியில் மட்டும் நம் தாய்மார்க்கு எல்லாம் விளங்கிவிட்டதா? விளங்காமலேதான் படத்தைப் பார்த்துத் தட்டுகின்றனர்.

எனவே இவ்விதழ் கைக்கு வந்ததும் அன்பர்கள் முதற்கண் தத்தம் பேசியைத் தமிழில் அமைக்க. ஆண்டிராய்டு பேசிகளில் 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பு முதல் தமிழ் இடைமுகம் உண்டு. விசைப்பலகைப் பட்டியலில் இந்தி தானே வந்து அமர்ந்திருந்தால் நீக்குக. ஆப்பிள் பேசியில் தமிழ்99 2013 முதலே உள்ளது. ஏனையவற்றிற்குச் செல்லினம் போன்ற செயலிகள் அதனைத் தருகின்றன. மேம்படுத்தல் வந்து அமைவு கலைந்தால் சலிக்காது மீண்டும் அமைக்க. விரல் பழகுமட்டும் சில நாள் மெதுவாகத்தான் செல்லும். பின்னர், தம் பேசியிற் கண்ட விளங்காத சொல், பிழைபட்ட சொல், கிரந்தங் கலந்த சொல் ஆகியவற்றை, எந்தக் கருவியில் எந்த இடத்திற் கண்டது என்னும் குறிப்போடும் தாம் பரிந்துரைக்கும் சொல்லோடும் அஞ்சலட்டையில் எழுதி ஆசிரியர்க்கு விடுக்க. திங்கட்பெயர் நான்கும் எம் பட்டியலில் முன்பே ஏறிவிட்டன; அவற்றை மீண்டும் எழுதவேண்டுவதில்லை.